தடுப்பூசியால் தோள் முடங்கினால்: அமெரிக்க இழப்பீட்டுச் சட்டம் என்ன கேட்கிறது?

தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது எல்லோரும் அறிந்ததுதான். தொட்டால் வலிக்கும், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, மூன்றாம் நாள் அது மறந்தே போகும். மிகச் சிலருக்கு மட்டும் அந்த வலி போவதில்லை. வாரங்கள் கழிந்தும் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடியாது. கார் ஓட்டும்போது சீட் பெல்ட்டை எட்டி இழுப்பதே பெரும்பாடாகிவிடும். இப்படித் தங்கிவிடும் காயத்துக்கு அமெரிக்காவில் 'சிர்வா' என்று பெயர். தடுப்பூசி செலுத்தியதால் நேரும் தோள் காயம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதற்கு இழப்பீடு கேட்கவும் அங்கே தனி வழி உண்டு.

அந்த வழி விசித்திரமானது. ஊசி போட்டவர் தவறு செய்தாரா, கவனக்குறைவாக இருந்தாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் வலி எப்போது தொடங்கியது என்பதைத் துருவித் துருவிக் கேட்பார்கள். நல்ல வழக்குகள் பலவும் தடுமாறுவது இந்த ஒரு கேள்வியில்தான்.

முதலில் தோளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தோள்பட்டையின் நுனியைத் தடவினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு அக்ரோமியன் என்று பெயர். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, அக்குள் மட்டத்துக்கு மேலே, டெல்டாய்டு தசை நன்றாகத் திரண்டிருக்கும் இடத்தில் ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். அந்த எலும்பு முனைக்கு அடியில் பர்சா என்ற வழவழப்பான மெல்லிய பை ஒன்று இருக்கிறது. தசைநார்கள் எலும்பில் உராயாமல் வழுக்கிச் செல்ல உதவுவது அதன் வேலை. பலரும் நினைப்பதுபோல அந்தப் பை எலும்போடு நின்றுவிடுவதில்லை. எலும்பு முனையைத் தாண்டி 3 முதல் 6 சென்டிமீட்டர் வரை, டெல்டாய்டுக்கு அடியில் கீழே இறங்கி வரக்கூடியது. ஊசி சற்று மேலே விழுந்தாலோ, மெலிந்த கையில் நீளமான ஊசி இறங்கினாலோ, தசைக்குப் போக வேண்டிய மருந்து இந்தப் பைக்குள் போய்விடும்.

தடுப்பூசி மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைச் சீண்டுவதற்கென்றே செய்யப்பட்டது. தசைக்குள் சென்றால் அந்தச் சீண்டல் சீக்கிரம் அடங்கிவிடும். இறுக்கமான மூட்டுப் பகுதிக்குள் சென்றால், ஏற்கெனவே அந்த நோய்க்கான எதிர்ப்புப் புரதங்கள் உடலில் இருக்கும்போது, அழற்சி மூண்டு அங்கேயே தங்கிவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். பிறகு எம்ஆர்ஐ எடுத்தால் பர்சா வீங்கியிருப்பது தெரியும். தசைநார் அழற்சியோ கிழிசலோ தெரியும். சிலருக்குத் தோள் உறைந்தே போகும். வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி, மாதக்கணக்கில் பிசியோதெரபி, எதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை என்று வைத்தியம் நீளும்.

ஊசி ஏன் மேலே விழுகிறது? காரணம் பெரும்பாலும் அற்பமானது. போட்டுக்கொள்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், போடுபவர் நின்றுகொண்டிருப்பார். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தோளின் உச்சிதான் முதலில் படும். சட்டைக் கையை மடித்து ஏற்றாமல் கழுத்துப் பட்டியை இழுத்துத் தோளைக் காட்டினாலும் இதே கதைதான். வெளியே தெரிவது மேற்பகுதி மட்டுமே. ஊசியின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எட்டில் ஐந்து அங்குல ஊசியே போதும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் ஒன்றரை அங்குலம் வேண்டும். நெரிசலான ஃப்ளூ ஊசி முகாமில் இதையெல்லாம் பார்த்து ஊசி மாற்றுபவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 2006-ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. இழப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த 13 வழக்குகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஆய்வுதான் 'சிர்வா' என்ற பெயரை நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ அமைப்பின் நிபுணர் குழு, ஊசி செலுத்துவதற்கும் டெல்டாய்டு பர்சா அழற்சிக்கும் காரணத் தொடர்பு இருப்பதைச் சான்றுகள் ஐயமற நிறுவுகின்றன என்றது. தடுப்பூசியின் மீது சுமத்தப்படும் நூற்றெட்டுக் குற்றச்சாட்டுகளில் இவ்வளவு திட்டவட்டமான ஒப்புதல் கிடைத்தவை மிகக் குறைவு. கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். போடப்படும் கோடிக்கணக்கான ஊசிகளோடு ஒப்பிட்டால் இது அரிதான காயம். ஊசியே வேண்டாம் என்பதற்கு இதைச் சாட்சிக்கு இழுப்பவர்கள், மருந்தில் இல்லாத குறையை மருந்தின் தலையில் கட்டுகிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில், கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் டிபிடி ஊசியால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தடுப்பூசித் தொழிலை விட்டு விலகத் தொடங்கின. ஊசிக்கே தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் 1986-ல் ஒரு சமரசச் சட்டம் நிறைவேறியது. நிறுவனத்தின் மீது நேராக வழக்குப் போடக் கூடாது. முதலில் அரசு நடத்தும் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு ஈடாக, யாருடைய தவறையும் நிரூபிக்கத் தேவையில்லை. திட்டம் 1988 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பணம் வரிப்பணத்தின் பொதுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு ஊசியின் மீதும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் தீர்வை பிடிக்கிறார்கள். ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட்; மூன்று நோய்களைத் தடுக்கும் எம்எம்ஆருக்கு 2 டாலர் 25 சென்ட். அந்த நிதியில் இன்று 400 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது.

வழக்கு நடப்பது வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக் கோரிக்கைகள் நீதிமன்றத்தில். நடுவர் குழு கிடையாது. சிறப்பு நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். எதிர்மனுதாரர் மருந்து நிறுவனமோ ஊசி போட்ட மருந்தாளரோ அல்ல, நாட்டின் சுகாதாரத் துறைச் செயலர். அவர் சார்பில் நீதித் துறையின் வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். ஊசியை அமெரிக்காவில் போட்டுக்கொண்டவர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை விசாவில் இருப்பவரும் மாணவரும் மனுச் செய்யலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. இன்று அதன் வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தோள் வலியோடு வரும் பெரியவர்கள். காரணம் 2017-ல் நடந்த ஒரு மாற்றம். சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு: இந்த ஊசிக்குப் பிறகு, இத்தனை நேரத்துக்குள், இந்தக் காயம் வந்தால், ஊசியே காரணம் என்று சட்டம் தானாகவே அனுமானித்துக்கொள்ளும். 2017 மார்ச்சில் சிர்வா அந்த அட்டவணையில் ஏறியது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் நிபுணர்களை அழைத்துவந்து காரணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு, நான்கு நிபந்தனைகள் பொருந்தினால் போதும் என்றாயிற்று. அந்தத் தோளில் முன்பு வலியோ செயலிழப்போ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட அதே தோளோடு நிற்க வேண்டும். வேறு நோய் எதுவும் அதை விளக்கக் கூடாது.

படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் ஒருவர் மருந்துக் கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே வலி. 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று ஊசி போட்டவரே சொல்லியிருக்கிறார், அதனால் காத்திருக்கிறார். நவம்பரில் இருமலுக்காக மருத்துவரிடம் போகிறார். வந்த காரணம் இருமல், கிடைக்கும் நேரமோ பத்து நிமிடம். தோளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கணினியில் உள்ள பரிசோதனைப் படிவத்தில், மூட்டுகள் 'இயல்பு' என்ற கட்டம் தானாக நிரம்பியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் தாங்க முடியாமல் எலும்பு மருத்துவரிடம் போகிறார். எப்போதிருந்து வலி என்ற கேள்விக்கு, 'ஒரு மாதமாக, ஊசி போட்டதிலிருந்து' என்கிறார். குறிப்பில் ஏறுவது 'தோள் வலி, ஒரு மாதம்'. இரண்டாண்டு கழித்து அந்தக் குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் கணக்குப் போடுகிறார்: டிசம்பர் கடைசியிலிருந்து ஒரு மாதம் பின்னால் போனால் நவம்பர் கடைசி; ஊசி போட்டது அக்டோபரில்; 48 மணி நேரம் எங்கே?

நோயாளி பொய் சொல்லவில்லை. மருத்துவரும் தவறாக எழுதவில்லை. அவர் சிகிச்சைக்காக எழுதினார், சாட்சிக்காக எழுதவில்லை. ஆனால் அந்தந்த நேரத்தில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புக்குப் பின்னாளில் சொல்லும் வாக்குமூலத்தைவிட எடை அதிகம் என்பது இந்த நீதிமன்றத்தில் நெடுநாளாக ஊறிய எண்ணம். அதற்குக் கொஞ்சம் கடிவாளமும் விழுந்திருக்கிறது. மருத்துவக் குறிப்பில் நோயாளியின் எல்லா உபாதைகளும் பதிவாகியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு அனுமானிக்க முடியாது என்று 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சாதாரண வலிதான் என்று நம்பிச் சில வாரம் பொறுத்திருப்பது இந்தக் காயத்தில் இயல்பு என்பதையும் சிறப்பு நடுவர்கள் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறார்கள். ஆகவே குறிப்பில் இடைவெளி இருந்தாலே வழக்கு செத்தது என்பதில்லை. கூட வேலை செய்பவரின் பிரமாணப் பத்திரம், 'கையைத் தூக்கவே முடியவில்லை' என்று அந்த வாரத்திலேயே மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, நீச்சல் வகுப்பை ரத்துசெய்த மின்னஞ்சல் எல்லாம் சாட்சியாகும். பிசியோதெரபியின் முதல் நாள் படிவத்தில் நோயாளி தன் கைப்படவே எழுதிய தேதிக்குத் தனி மதிப்பு.

எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்பதிலும் சண்டை வரும். வலிப்பது வலது தோள், பதிவில் இருப்பதோ 'இடது டெல்டாய்டு'. கேட்பதற்கு அபத்தமாக இருக்கும். ஆனால் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள், இடக்கையில் ஊசி கேட்பார்கள் என்பதால் படிவங்களில் இடது என்பது முன்கூட்டியே நிரம்பியிருப்பதும், ஊசி போடும் முன்பே பதிவை முடித்துவிடுவதும் நடக்கிற விஷயங்கள். இதையும் நடுவர்கள் அறிவார்கள். பின்னால் பார்த்த மருத்துவர்களிடமெல்லாம் ஒரே கையைச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் அதை நம்புகிறார்கள்.

'வேறு நோய்' என்ற நிபந்தனையில் அடிக்கடி தலைகாட்டுபவை கழுத்து எலும்புத் தேய்மானத்தால் வரும் நரம்பு அழுத்தமும், சர்க்கரை நோயும். கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போகிறது என்று குறிப்பில் இருந்தால் அது தோளோடு நிற்கும் வலி அல்ல என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி இல்லாமலே தோள் உறைவதுண்டு என்பதால் அங்கேயும் கேள்வி எழும். நடு வயதைத் தாண்டிய யார் தோளை எம்ஆர்ஐ எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். நேற்றுவரை வலிக்காத தோள் ஊசி போட்ட இரவில் ஏன் வலிக்கத் தொடங்கியது என்ற கேள்விக்கு அந்தத் தேய்மானம் விடையாகாது.

இவற்றுக்கு மேல் இன்னொரு தடை. காயத்தின் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் பிசியோதெரபியை நிறுத்திவிட்டு, மிச்ச வலியோடு காலம் தள்ளுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பீட்டில் அனுமதித்த முறைகள் தீர்ந்துபோனதால் நிறுத்தியிருப்பார்கள்; காகிதத்தில் அது 'குணமாகிவிட்டது' என்று தெரியும்.

மனுச் செய்ய அவகாசம் முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து 36 மாதங்கள். நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்து அல்ல. சிர்வாவைப் பொறுத்தவரை ஊசி போட்ட நாளிலிருந்தே மூன்றாண்டு ஓடத் தொடங்கிவிட்டதாக எண்ணிக்கொள்வதே பத்திரம். பலரும் செய்யும் ஒரு பிழை: 'வேர்ஸ்' என்ற பக்கவிளைவுப் பதிவு அமைப்பில் புகார் பதிந்துவிட்டு, இழப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டதாக நினைத்துக் காத்திருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பணம் என்னவாகும்? காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், வலிக்கும் வேதனைக்குமான தொகை என மூன்றும் கிடைக்கலாம். தோள் காயத்தில் பெரும் பங்கு மூன்றாவதுதான். அதற்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். 1986-ல் எழுதிய அந்த எண் விலைவாசிக்கேற்ப ஒரு சென்ட்கூட ஏறவில்லை. இதைவிட அநியாயமான வாசகம் அந்தச் சட்டத்தில் இல்லை என்பேன். நடைமுறையில் சிர்வா வழக்குகளில் அந்த உச்சியைத் தொடுபவர்கள் சொற்பம். அறுவை சிகிச்சை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு லட்சம் டாலருக்குள். அறுவை நடந்திருந்தால் அதைத் தாண்டுவதுண்டு. வலியின் கடுமையும் காலமும் பார்த்து, முந்தைய தீர்ப்புகளோடு ஒப்பிட்டு நடுவர் தொகையை முடிவுசெய்கிறார்.

வழக்கறிஞர் கட்டண ஏற்பாடு இந்தச் சட்டத்தின் சிறந்த பகுதி. வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு கேட்க முடியாது. அவருடைய நியாயமான கட்டணத்தை நிதியே தனியாகக் கொடுத்துவிடும். வழக்குத் தோற்றாலும், அது நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் தொடுக்கப்பட்டிருந்தால், கட்டணம் கிடைக்கலாம். வேறு காய வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கை வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய நாட்டில் இது பெரிய சலுகை.

இந்தக் கட்டமைப்பையே கலைக்கும் முயற்சி ஒன்று 2020-ல் நடந்தது. ஊசியின் முனையால் வரும் காயம் தடுப்பூசியின் காயமே அல்ல, ஊசி போடுபவரின் திறமைக் குறைவு. ஆகவே சிர்வாவை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும் என்றது டிரம்ப் அரசின் சுகாதாரத் துறை. வந்து குவியும் மனுக்களில் பாதிக்கும் மேல் இவையே, உண்மையில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான நிதியும் நேரமும் இவற்றில் கரைகின்றன என்பதும் அதன் வாதம். திட்டத்தின் ஆலோசனைக் குழுவே எதிர்த்தும், 2021 ஜனவரியில் நீக்கும் விதி வெளியானது. அடுத்து வந்த பைடன் அரசு அதை நிறுத்திவைத்து, ஏப்ரலில் ரத்துசெய்தது.

அந்த வாதத்தில் தர்க்கம் இல்லாமல் இல்லை. காயம் செய்தது மருந்தா முனையா என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான். ஆனால் நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதிக்கப்பட்டவர் மருந்தாளர் மீதோ செவிலியர் மீதோ மாநில நீதிமன்றத்தில் கவனக்குறைவு வழக்குப் போட வேண்டும். ஊசி ஒரு விரல் மேலே விழுந்ததைப் பார்த்த சாட்சி யார்? நிபுணர்களுக்கே பல்லாயிரம் டாலர் செலவாகும் வழக்கை, அதே அளவு இழப்பீட்டுக்காக எந்த வழக்கறிஞர் எடுப்பார்? இன்னொரு பக்கம், இந்தச் சட்டம் ஊசி போடுபவர்களையும் நேரடி வழக்கிலிருந்து காக்கிறது. அந்தக் கவசமும் கழன்றிருக்கும். பெருந்தொற்றுக்காக நாடு முழுவதும் ஊசி போட ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்யத் துணிந்ததுதான் ஆச்சரியம். கூட்டம் அதிகம் என்பது உண்மையான குறை. ஆனால் சிறப்பு நடுவர்கள் எட்டுப் பேருக்கு மிகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டு, நெரிசலுக்கு நோயாளிகளைக் குறை சொல்வது சரியல்ல.

எல்லா ஊசிகளும் இந்தக் குடைக்குள் வருவதில்லை. குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வழக்கமாகப் பரிந்துரைக்கப்பட்டு, தீர்வையும் விதிக்கப்பட்ட ஊசிகள் மட்டுமே உள்ளே. 50 வயதைக் கடந்தவர்கள் போட்டுக்கொள்ளும் அக்கித் தடுப்பூசி வெளியே. அதற்குச் சாதாரண சிவில் வழக்குதான். கோவிட் ஊசி வேறொரு திட்டத்தின் கீழ் போகிறது. அங்கே ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞர் கட்டணம் இல்லை, வலிக்கும் வேதனைக்கும் பணம் இல்லை; காப்பீடு கொடுக்காத மருத்துவச் செலவும் சம்பள இழப்பில் ஒரு பகுதியும் மட்டும்தான்.

இலையுதிர் காலத்தில் ஃப்ளூ ஊசியையும் கோவிட் ஊசியையும் ஒரே வருகையில் போட்டுக்கொள்வது அங்கே சகஜம். ஃப்ளூ இடது தோளில், கோவிட் வலது தோளில் என்றால், இடது தோள் முடங்கியவருக்கு மூன்றாண்டு அவகாசமும் நீதிமன்றமும் உண்டு. வலது தோள் முடங்கியவருக்கு ஓராண்டும் ஒரு விண்ணப்பப் படிவமும்தான். இரண்டும் ஒரே தோளில் இறங்கியிருந்தால், எது மேலே விழுந்தது, எது கீழே என்ற கேள்வி வரும். 'இடது டெல்டாய்டு' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்திருக்கும் பதிவேட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. போடும்போதே ஆளுக்கொரு கையாகக் கேட்டு வாங்கி, எது எந்தக் கையில் என்று சீட்டில் எழுதச் சொல்வது ஒரு நிமிட வேலை.